தரைக்கடியில் கிடைத்த பழைய போத்தல்: வைத்துக்கொள்வதா, விற்பதா, ஒப்படைப்பதா?

பினாங்கில் பழைய கடைவீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி என்றாவது ஒரு நாள் வரும். குழாய் மாற்றவோ குளியலறை கட்டவோ பின்கட்டுத் தரையை உடைக்கிறார்கள். இரண்டடிக்குக் கீழே கரி, சிப்பி ஓடு, உடைந்த பீங்கான். அவற்றுக்கு நடுவே முழுசாக ஒரு கண்ணாடிப் போத்தல். வேலையாட்கள் அதை எடுத்து, கடை முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் ஓரமாக வைக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்காரர் கழுவிப் பார்க்கிறார். பச்சையோ நீலமோ ஒரு நிறம், மேலே ஏதோ எழுத்து. அப்புறம் என்ன செய்வது?

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். லெபோ பசாரில் குடும்பக் கடையைப் புதுப்பிக்கும் ஓர் அக்கா. செபராங் பிறையில் பழைய தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் வீடு கட்டும் ஒரு தம்பி. அப்பா விட்டுப்போன ஒரு பெட்டி நிறைய போத்தல்களை வைத்திருக்கும் ஆயர் ஈத்தாம் மாமா ஒருவர். மூன்று பேரும் முதலில் கேட்டது, “இது எவ்வளவு போகும்?” என்றுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் வேறு சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால், விற்பதா வைத்துக்கொள்வதா என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

எங்கே கிடைத்தது? எனக்கு இதுதான் முதல் அளவுகோல். கீழடியில் கிடைத்த ஒரு பானை ஓட்டைச் சாலையோரம் கிடந்ததாக யாராவது கொண்டுவந்து கொடுத்திருந்தால், அது வெறும் ஓடாகவே இருந்திருக்கும். எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், எந்தக் கரித்துண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம்தான் அதைப் பேச வைத்தது. போத்தலுக்கும் அதே கதைதான். கிணற்றுக்குள் மண்ணும் குப்பையுமாக அடுக்கடுக்காக நிரம்பியிருந்த இடத்தில் கிடைத்த போத்தல் வேறு, எங்கிருந்தோ லோரியில் வந்து கொட்டிய மண்ணில் கிடைத்த போத்தல் வேறு. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம். ஆனால் முதலாவது அந்த வீட்டின் கதையைச் சொல்லும், இரண்டாவதால் அது முடியாது.

ஆகவே போத்தலைக் கழுவுவதற்கு முன்பே, ஏன், எடுப்பதற்கு முன்பே, கைப்பேசியில் நாலு படம் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுநாடாவை வைத்து எடுங்கள். ஆழம், எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி, கூட என்னென்ன கிடந்தன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த ஐந்து நிமிடத்தைத் திரும்ப வாங்க முடியாது.

எவ்வளவு பழசு? பலரும் நிறத்தைப் பார்த்து வயது சொல்கிறார்கள். நிறம் துணைச் சாட்சிதான். முதல் சாட்சி, அச்சுக் கோடு. இரண்டு பாதியாகத் திறக்கும் அச்சில் வார்த்த போத்தலின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு ஓடும். விரல் நகத்தால் கீழிருந்து மேலாகத் தடவிப் பாருங்கள். கோடு கழுத்தோடு நின்று, வாய்ப்பகுதி வழவழவென்று இருந்தால், வாயை ஆள் கையால் செய்திருக்கிறார். கோடு வாயின் விளிம்பைத் தாண்டி மேலேயே போனால் அது இயந்திரம் செய்தது. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய தானியங்கி இயந்திரம் 1903 வாக்கில் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கையால் ஊதும் வேலை பெருமளவு ஒழிந்துபோனது. ஓவன்ஸ் இயந்திரம் செய்த போத்தலின் அடியில், மையத்திலிருந்து சற்று விலகி, சொரசொரப்பான ஒரு வட்டத் தழும்பு தெரியும். கண்ணாடிக் குழம்பை உறிஞ்சி எடுத்து வெட்டிய இடம் அது.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால், அடிப்பகுதியின் நடுவில் உடைத்தெடுத்தது போன்ற கரடுமுரடான வடு இருக்கும். வாயைச் செய்து முடிக்கும் வரை போத்தலைப் பிடித்திருக்க ஓர் இரும்புக் கம்பியை அடியில் ஒட்டுவார்கள். அதைத் தட்டிப் பிரித்த வடுதான் அது. 1860-களுக்குப் பிறகு அடியைக் கவ்விப் பிடிக்கும் கருவி பரவியதும் இந்த வடு அரிதாகிவிட்டது. கரும்பச்சையில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மட்டும் பச்சை என்று தெரிகிற ஒயின் போத்தலில் இந்த வடுவும் இருந்தால், கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய பொருள் அது. அடியைச் சுற்றி பிரிஸ்டல் நகர ரிக்கெட்ஸ் பெயர் வார்த்திருந்தால் இன்னும் நல்லது. ஹென்றி ரிக்கெட்ஸ் தன் அச்சுக்குக் காப்புரிமை பெற்றது 1821-இல்.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. சில ஒயின் போத்தல்களில் கோடே இருக்காது. கோடு இல்லை, அப்படியென்றால் மிகமிகப் பழசு என்று சொல்லி விற்பார்கள். அச்சுக்குள் போத்தலைச் சுழற்றினால் கோடு தேய்ந்து மறைந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது பரவலான வழக்கம். கழுத்தைச் சுற்றி மெல்லிய வட்டக் கீறல்கள் தெரிந்தால் இந்த வகைதான்.

வாயின் அமைப்பும் காலம் சொல்லும். இன்றைய பீர் போத்தல் போல நெளிந்த தகர மூடி பொருந்தும் வாய் என்றால், 1892-க்கு முன்னால் போக முடியாது. வில்லியம் பெயிண்டர் அந்த மூடிக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு அது. கழுத்துக்குள் கோலி உருளும் சோடா போத்தல், லண்டனில் ஹைரம் காட் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம். அடி தட்டையாக இல்லாமல் முட்டை போல் கூர்ந்திருந்தால் அது இன்னும் முந்தைய சோடா போத்தல் வடிவம். நிற்க வைக்க முடியாதபடி வேண்டுமென்றே செய்தார்கள். படுத்தே கிடந்தால் தக்கை ஈரமாக இருக்கும், வாயு கசியாது.

நிறமற்ற கண்ணாடி வெயில் பட்டு இளஊதாவாக மாறியிருந்தால் அதில் மாங்கனீசு கலந்திருக்கிறது. 1880-கள் முதல் முதல் உலகப் போர்க் காலம் வரை அது பரவலான வழக்கம். ஆழ்ந்த கத்தரிப்பூ நிறம் வந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கதிர்வீச்சு கொடுத்துச் செயற்கையாக நிறமேற்றி விற்பதும் உண்டு.

ஒன்றை மறக்க வேண்டாம். சோடா போத்தல்கள் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய், கழுவி, பல முறை நிரப்பப்பட்டவை. 1890-இல் செய்த போத்தல் 1915-இல் உடைந்து குப்பைக்குப் போயிருக்கலாம். போத்தலின் வயதும் அது கிடந்த குழியின் வயதும் ஒன்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

என்ன எழுதியிருக்கிறது? விலையைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் எழுத்துதான். ஒரே வடிவத்தில் எழுத்தில்லாத போத்தலும் பினாங்கு என்று ஊர்ப்பெயர் வார்த்த போத்தலும் இருந்தால், உள்ளூர்ச் சேகரிப்பாளர் இரண்டாவதற்குத்தான் கை நீட்டுவார். சிங்கப்பூரில் ஜான் ஃபிரேசரும் டேவிட் நீவும் 1883-இல் தொடங்கிய சோடா கம்பெனிதான் பிறகு எஃப் அண்டு என் ஆனது. அந்த வகைப் போத்தல்களை நாடு முழுக்கத் தேடுகிறார்கள். டாய் நிப்பொன் என்ற ஜப்பான் நிறுவனத்தின் பீர் போத்தல்களும் இங்கே அகப்படும். அந்த நிறுவனம் இருந்தது 1906 முதல் 1949 வரை. ஆகவே அதைப் பார்த்தவுடன் “ஜப்பான்காரன் காலத்துப் போத்தல்” என்று சொல்லிவிட முடியாது. ஜப்பான் மலாயாவை ஆக்கிரமிப்பதற்கு முன்பும் ஜப்பான் பீர் விற்பனைக்கு வந்தது.

எழுத்தைத் தொட்டுப் பாருங்கள். அச்சில் வந்த எழுத்து புடைத்து நிற்கும், ஓரங்கள் மழுங்கி இருக்கும். குழிவாகச் செதுக்கியதாகவோ மணல் வீசித் தேய்த்ததாகவோ தெரிந்தால் பின்னால் யாரோ சேர்த்தது. கோலி சோடா போத்தலை இந்தியாவில் இப்போதும் செய்கிறார்கள். அதை வாங்கி, மண்ணில் புரட்டி, பழசு என்று விற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழையதன் கண்ணாடி தடிமன் சீராக இருக்காது. அடிப்பகுதி ஓரத்தில் பல வருடம் மரப்பெட்டியில் உரசிய தேய்மானம் இருக்கும்.

நிலை எப்படி? விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தால்கூடச் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். கீறல் விழுந்து விரிந்திருந்தால் சந்தை மதிப்பு ஏறக்குறைய போய்விட்டது. மேற்பரப்பில் வானவில் போல் மினுமினுக்கும் படலம் வேறு விஷயம். ஈர மண்ணில் கிடந்த கண்ணாடியிலிருந்து காரப்பொருள்கள் கரைந்து போய், மிச்சம் அடுக்கடுக்காக நிற்பதால் வருகிற மினுக்கம் அது. சிலர் அதை அழுக்கு என்று தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். தயவு செய்து தேய்க்காதீர்கள்.

## நான்கு வழிகளும் ஒரு பார்வையில்

| வழி | கைக்கு வரும் பணம் | உங்கள் நேரம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| வீட்டில் வைத்துக்கொள்வது | இல்லை | குறைவு | இடம், பாதுகாப்பு, அடுத்த தலைமுறையின் அக்கறையின்மை |
| பழைய பொருள் சந்தை, வியாபாரி | உடனே, குறைவாக | அரை நாள் | கதை தொலைந்து போவது, அவசரத்தில் விலை குறைவது |
| இணையத்தில் சேகரிப்பாளருக்கு | கூடுதல், தாமதமாக | பல வாரங்கள் | பொதி கட்டுவது, உடைவது, கட்டணம், ஏற்றுமதிச் சட்டம் |
| அருங்காட்சியகம், மரபுரிமை அமைப்பு | எதிர்பார்க்க வேண்டாம் | தொடக்கத்தில் அதிகம் | கட்டட வேலை தாமதமாகலாம் |

## வீட்டில் வைத்துக்கொள்வது

பெரும்பாலான போத்தல்களுக்கு இதுதான் சரியான இடம். காரணம் எளிது. பெரும்பாலான போத்தல்கள் அரியவை அல்ல. சாஸ் போத்தல், மருந்துப் போத்தல், எழுத்தில்லாத பீர் போத்தல் எல்லாம் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிய துறைமுகம் இது. விற்றால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் தேறும். அதே போத்தல் உங்கள் கடையின் அலமாரியில், “இந்தத் தரைக்கடியில் கிடைத்தது” என்ற ஒரு சின்ன அட்டையோடு நின்றால், வருகிறவர்கள் எல்லாரும் நின்று கேட்பார்கள்.

செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணுக்குள் ஈரத்தில் இருந்த கண்ணாடி திடீரென்று காய்ந்தால் மேல்படலம் செதில் செதிலாக உதிரும். நிழலில், மெதுவாகக் காய விடுங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீர், ஒரு சொட்டுச் சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவுதான். வெந்நீர் கூடாது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு நீல மருந்துக் குப்பியை நான் வெந்நீரில் போட்டேன். டிக் என்று ஒரு சத்தம், கழுத்திலிருந்து அடி வரை பிளந்துவிட்டது. நூறு வருடம் மண்ணுக்குள் உடையாமல் இருந்தது, என் கையில் ஒரு நிமிடம் தாங்கவில்லை. இன்னும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கறை போக வேண்டும் என்று துரு நீக்கும் திரவங்களை ஊற்றாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். கண்ணாடியையே அரிக்கும் அமிலம் அது. தோலில் பட்டால் உள்ளே ஊடுருவி எலும்பு வரை போகும், உயிருக்கே ஆபத்து. மூடியோடு, உள்ளே ஏதோ திரவத்தோடு கிடைத்த போத்தலைத் திறக்கவும் கூடாது, முகரவும் கூடாது. நீல நிறத்தில், ஆறு பக்கங்களோடு, வரிவரியாகப் புடைத்து, “நாட் டு பி டேக்கன்” என்று எழுதியிருந்தால் அது விஷ மருந்துப் போத்தல். இருட்டில் கை தடவினாலே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வரிகள். குழந்தைகள் உள்ள வீட்டில் அதற்குப் பூட்டிய அலமாரி வேண்டும்.

அடுத்த தலைமுறை என்ன செய்யும் என்பதையும் யோசியுங்கள். ஆயர் ஈத்தாம் மாமாவின் பெட்டியில் முப்பத்தேழு போத்தல்கள். ஒன்றில்கூட எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இல்லை. அவருடைய அப்பாவுக்கு ஒவ்வொன்றும் தெரிந்திருக்கும். அவர் போனதோடு அதுவும் போய்விட்டது. வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் பருத்தி நூலில் ஓர் அட்டை கட்டுங்கள். கண்ணாடியில் பசை ஒட்ட வேண்டாம்.

## பழைய பொருள் சந்தையில் விற்பது

லோரோங் கூலிட் சந்தைக்குப் போகாத பினாங்குக்காரர் குறைவு. காலையில் விரிப்பு விரித்து, பழைய காசு, கடிகாரம், ரேடியோ, எனாமல் தட்டு, போத்தல் என்று பரப்பியிருப்பார்கள். ஜார்ஜ் டவுனின் பழைய பொருள் கடைகளிலும் வாங்குவார்கள். கையோடு பணம் கிடைக்கும், அலைச்சல் இல்லை. ஒன்றும் எழுதாத, இரண்டு மூன்று ஒரே மாதிரி இருக்கிற போத்தல்களுக்கு இது நல்ல வழி.

வியாபாரி தரும் விலை சந்தை விலையின் ஒரு பகுதியாகத்தான் இருக்கும். அதில் தப்பில்லை. அவர் அதை மாதக்கணக்கில் தூக்கிச் சுமந்து, வெயிலில் உட்கார்ந்து விற்க வேண்டும். தப்பு, நாம் ஒன்றும் தெரியாமல் போவதில்தான் இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். முதல் முறை விற்கப் போகாதீர்கள், விலை கேட்கப் போங்கள். அதே மாதிரி போத்தல் அங்கே விற்பனைக்கு இருந்தால் வாங்குகிறவர் போல நின்று கேளுங்கள். மூன்று பேரிடம் கேட்டால் ஓரளவு தெரிந்துவிடும். பெட்டியோடு மொத்தமாக விலை பேசுகிறார் என்றால், அதில் ஏதோ ஒன்று அவர் கண்ணில் பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் பெரிய மறைமுகச் செலவு பணமே அல்ல. நான் இளைஞனாக இருந்தபோது, பினாங்கு என்று எழுதிய ஒரு சோடா போத்தலை ஒரு கடையில் விற்றேன். கேட்ட விலை கிடைத்தது, சந்தோஷமாகத்தான் வந்தேன். பிறகு ஒரு நாள் அந்தத் தெருவின் பழைய சோடாக் கடைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, கையில் இருந்த ஒரே சான்று அதுதான் என்று தெரிந்தது. படம்கூட எடுத்து வைக்கவில்லை. ஆகவே விற்பதற்கு முன்னால் எல்லாப் பக்கமும், குறிப்பாக அடிப்பகுதியையும் வாயையும், படம் எடுத்து வையுங்கள். வாங்குகிறவரிடமும் அது கிடைத்த இடத்தை எழுதிக் கொடுங்கள். நேர்மையான வியாபாரி அதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். குறிப்பு உள்ள பொருளுக்கு அவருக்கும் விலை கூடும்.

## இணையத்தில் சேகரிப்பாளருக்கு விற்பது

எழுத்துள்ள, உடையாத, கொஞ்சம் அபூர்வமான போத்தலுக்குச் சந்தையைவிட இது கூடுதல் விலை தரும். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் போத்தல் சேகரிப்பு ஊறிப்போன பழக்கம். காலனிக் கால ஊர்ப்பெயர் எழுதிய போத்தலுக்கு அங்கே ஆள் உண்டு.

விலை பார்க்கும்போது ஒரு தப்பை எல்லாரும் செய்கிறார்கள். விற்பனைக்குப் போட்டிருக்கிற விலையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். விற்று முடிந்த பட்டியலைத் தேடிப் பாருங்கள், அதுதான் விலை. அதிலும் ஒரே ஒரு விற்பனையை நம்பாதீர்கள். இரண்டு பேர் போட்டி போட்டு ஏற்றிய விலை மறுமுறை வராது.

பிறகு செலவு. ஒரு போத்தல் 150 ரிங்கிட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கட்டணம், பணம் அனுப்பும் கட்டணம், இரட்டை அட்டைப்பெட்டி, குமிழ் உறை, அஞ்சல், காப்பீடு எல்லாம் போக மிஞ்சுவதை எழுதிப் பாருங்கள். கனமான கண்ணாடிக்கு வெளிநாட்டு அஞ்சல் செலவு போத்தலின் விலையையே தாண்டலாம். உடைந்து போய்ச் சேர்ந்தால் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டி வரும். படமெடுப்பது, கேள்விகளுக்குப் பதில் சொல்வது, விலை குறைக்கச் சொல்பவர்களோடு பேசுவது என்று போகும் உங்கள் நேரத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒரே ஒரு போத்தலுக்காக இதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்லதாகப் பத்துப் பதினைந்து இருந்தால் இறங்கலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் சட்டத்தைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டப்படி மரபுரிமைப் பொருளை நாட்டைவிட்டு அனுப்ப அனுமதி வேண்டும். உங்கள் போத்தல் அந்த வகையில் வருமா என்பதை நீங்களே முடிவு செய்யாமல், முன்கூட்டியே மரபுரிமைத் துறையிடம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

## அருங்காட்சியகத்திடமோ மரபுரிமை அமைப்பிடமோ கொண்டுபோவது

இந்த வழியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைப் பற்றித்தான் அதிகப் பயம் இருக்கிறது. “சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்கள்” என்று காண்ட்ராக்டர் சொல்லுவார். அக்காவிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

முதலில் சட்டம். மரபுரிமை முக்கியத்துவம் உள்ளதாக நம்புவதற்கு இடமிருக்கும் ஒரு பொருளைக் கண்டெடுத்தவர், மரபுரிமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்று அதே 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பழம்பொருள் தேடி அகழ்வதற்கு அனுமதியும் தேவை. ஆகவே “வாருங்கள், பழைய கோட்டைப் பக்கம் தோண்டிப் பார்ப்போம்” என்று கிளம்புவது இந்தக் கட்டுரையின் பேச்சே அல்ல. நான் பேசுவது தானாக வெளிப்பட்டதைப் பற்றி மட்டும்தான்.

அடுத்து, இடம். ஜார்ஜ் டவுன் 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுரிமைத் தலமானது. இந்த மண்ணுக்கடியில் இருப்பது அழகான போத்தல் மட்டும் அல்ல. பிரங்கின் கால்வாய்ப் பக்கம் சியா போயில் வேலை நடந்தபோது பழைய கால்வாயின் கருங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. இன்று அந்த இடம் ஒரு தொல்லியல் பூங்கா. கால்வாய் ஓரத்தில் யார் எதைக் குடித்தார்கள், எதைத் தின்றார்கள், எந்த நோய்க்கு எந்த மருந்தைச் சாப்பிட்டார்கள் என்பதையெல்லாம் ஆவணக் காப்பகத்தில் தேடினால் கிடைக்காது. கிணறும் குப்பைக் குழியும்தான் சொல்லும். லெபோ பசாரைக் கட்டி எழுப்பிய செட்டியார்கள், மரைக்காயர்கள், கூலிக்கு வந்தவர்கள், தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், இவர்களில் தன் கைப்பட எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? மீதிப் பேரின் வாழ்க்கை உடைந்த கண்ணாடியிலும் பீங்கானிலும்தான் கிடக்கிறது. நம் மக்களின் கதை அது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு வேகம்.

எப்போது இந்த வழிக்குப் போக வேண்டும்? பொருள்கள் கலையாத அடுக்கில் கிடந்தால். கிணறு, பழைய சாக்கடை, அஸ்திவாரம் எதுவும் கூடவே தெரிந்தால். ஒன்றிரண்டு அல்லாமல் கூட்டமாகக் கிடைத்தால். அடியில் கம்பி வடு உள்ள மிகப் பழைய போத்தல் வந்தால். சதுரமாக, கீழே குறுகி மேலே அகலும் ஒல்லாந்து ஜின் போத்தல் ஆழத்தில் கிடைத்தாலும் சொல்லிவிடலாம். இவற்றில் எதுவும் இல்லாமல், கொட்டிய மண்ணில் கிடைத்த ஒரு பீர் போத்தலைத் தூக்கிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர்களிடமும் இடம் குறைவு, அதே மாதிரி ஏற்கெனவே இருக்கும்.

லெபோ ஆச்சேயில் இருக்கும் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நிறுவனம், பினாங்கு மாநில அருங்காட்சியகம், தொல்லியல் ஆய்வு நடக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவை அணுகக்கூடிய இடங்கள். போத்தலைத் தூக்கிக்கொண்டு போகாமல் முதலில் படங்களையும் குறிப்பையும் அனுப்புங்கள். ஒப்படைப்பதாக இருந்தால், என்ன கொடுத்தீர்கள், எந்த நிபந்தனையில் கொடுத்தீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டுமா, பார்க்க வரலாமா, காட்சிக்கு வைக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வேலை தாமதமாகலாம் என்பது உண்மையான செலவுதான், அதை மறைக்க மாட்டேன். கடை மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் பணம். அதற்கு நான் சொல்லும் வழி, தரை உடைக்கும் முன்பே திட்டத்தில் ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்வது. மரபுரிமைப் பகுதியில் புதுப்பிக்க மாநகர மன்றத்தின் அனுமதிக்கு எப்படியும் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்திலேயே, தரைக்கடியில் ஏதாவது வந்தால் யாரிடம் பேசுவது என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டால், பிறகு பதற்றம் இருக்காது.

## மூன்று பேருக்கும் நான் சொன்னது

அக்காவின் கடையில் போத்தல்கள் வந்தது வானவெளிக்கு, அதாவது கடைவீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றத்துக்கு, பக்கத்தில் மூடிக் கிடந்த கிணற்றிலிருந்து. கேட்டவுடனே, அந்த மூலையில் மட்டும் வேலையை நிறுத்தச் சொன்னேன். முன்பக்கத்து வேலை நடக்கட்டும். எடுத்த போத்தல்களை ஒரு வாளியில் தண்ணீரோடு நிழலில் வைத்து, படங்களோடு மரபுரிமை அமைப்புக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதச் சொன்னேன். அக்கா ஒரு நாள் தயங்கினார், மறுநாள் எழுதிவிட்டார்.

மாமாவின் பெட்டியில் எந்தப் போத்தலுக்கும் இடம் தெரியாது. ஆகவே அங்கே விற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. எழுத்துள்ள ஆறு போத்தல்களை இணையத்தில் உள்நாட்டுச் சேகரிப்பாளருக்குத் தனித்தனியாகவும், மீதியைச் சந்தையிலும் கொடுக்கலாம் என்றேன். கோலி சோடா போத்தல் ஒன்றை மட்டும் பேரனுக்காக வைத்துக்கொண்டார். அதற்குள் கோலி இன்னும் உருளுகிறது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கோலிக்காகவே போத்தலை உடைத்ததால், முழுசாகக் கிடைப்பது கொஞ்சம் அபூர்வம்தான்.

தம்பி கொண்டுவந்தது ஒரே ஒரு மருந்துப் போத்தல். நிறமில்லாத கண்ணாடி. பக்கவாட்டில் வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் அளவுக் கோடுகள் புடைத்திருந்தன. வேறு எழுத்து எதுவும் இல்லை. சந்தையில் அதற்கு யாரும் பெரிதாக ஒன்றும் தர மாட்டார்கள் என்று சொன்னேன். தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் கலவை மருந்து கொடுத்த மாதிரிப் போத்தல் அது. லயத்துக்குப் பின்னால், தன் பாட்டி பிறந்த அதே தோட்டத்தில் கிடைத்தது என்று தம்பி சொன்னார். பாட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது தாத்தா இரண்டு மைல் நடந்துபோய் மருந்து வாங்கி வந்த கதையைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறாராம்.

அவரிடம் ஓர் அட்டையையும் நூலையும் கொடுத்தேன். என் மேசையிலேயே உட்கார்ந்து தோட்டத்தின் பெயர், லயத்தின் எண், ஆழம், தேதி எல்லாவற்றையும் எழுதினார். கடைசியாகப் பாட்டியின் பெயரையும் எழுதிப் போத்தலின் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்.